இறவைக் கணக்கு

பம்பு மோட்டாரின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரப் பட்டை அறைந்திருக்கும். பெயிண்ட் உரிந்து, துருவேறி, பாதி எழுத்து அழிந்துபோனாலும் மூன்று எண்களைத் தடவிப் பார்த்தாவது படித்துவிடலாம்: எத்தனை குதிரைத்திறன், எத்தனை மீட்டர் ‘ஹெட்’, விநாடிக்கு எத்தனை லிட்டர். மோட்டார் கடையில் பேச்செல்லாம் முதல் எண்ணைச் சுற்றித்தான். “அஞ்சு எச்பி தாங்குமா, ஏழரையே போட்டுறலாமா?” என்று கேட்பவர்கள் மற்ற இரண்டையும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் அவை மூன்று தனித்தனிச் செய்திகள் அல்ல. இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானே வந்துவிடும். அந்தப் பட்டைக்குள் இருக்கும் கணக்கைப் புரிந்துகொண்டால், நம் தாத்தாக்கள் மாட்டை ஏன் சரிவில் இறக்கி ஓட்டினார்கள் என்பதும், இன்று ஆயிரம் அடிக்குக் கீழே மோட்டாரை இறக்கியும் வாய்க்காலில் ஏன் நூலாகத் தண்ணீர் ஓடுகிறது என்பதும் விளங்கிவிடும்.

கணக்கு சின்னதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவைப் பூமி 9.8 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. அதை மீறி ஒரு மீட்டர் மேலே தூக்கினால் நாம் செய்த வேலை 9.8 ஜூல். பத்து மீட்டர் தூக்கினால் 98 ஜூல். பத்து லிட்டரைப் பத்து மீட்டர் தூக்கினால் 980. எடையையும் உயரத்தையும் பெருக்கினால் வேலை கிடைக்கிறது. எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம் என்ற கேள்வி இதுவரை எழவே இல்லை. ஒரு குடத்தை ஒரே இழுப்பில் இழுத்தாலும், நடுநடுவே நின்று மூச்சு வாங்கி இழுத்தாலும் வேலை ஒன்றே.

நேரத்தை உள்ளே கொண்டுவந்ததும் வேலை ‘திறன்’ ஆகிவிடுகிறது. செய்த வேலையை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் வாட். அந்த 980 ஜூல் வேலையைப் பத்து விநாடியில் முடித்தால் 98 வாட். இரண்டே விநாடியில் முடித்தால் 490 வாட். வயல் நனைய வேண்டிய தண்ணீர் மாறவில்லை, கிணற்றின் ஆழமும் மாறவில்லை. அவசரம் ஐந்து மடங்கானது, அதனால் திறனும் ஐந்து மடங்கானது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேலே வந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமதரையில் ஒரு மைல் நடக்கும் பெண், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கின்படி சுழியம். தசைகள் சுமையைத் தாங்கி நிற்பதற்கே சக்தியை எரிக்கின்றன, உடம்பு ஓய்ந்துபோகிறது. சூத்திரத்தில் அது எங்கும் ஏறுவதில்லை. எடை எவ்வளவு உயர்ந்தது என்பதை மட்டும்தான் சூத்திரம் அளக்கிறது. மனித உழைப்பை அளப்பதற்கு அது செய்யப்பட்டதல்ல. இதை மறந்துவிட்டு வாட் கணக்கால் யாருடைய பாட்டையும் எடைபோடக் கூடாது.

வாட் என்ற பெயர் ஜேம்ஸ் வாட்டுடையது. 1882இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் அது அலகின் பெயராக முன்மொழியப்பட்டது. ஆனால் வாட் தன் வாழ்நாளில் பயன்படுத்திய அளவு குதிரை. 1780களில் அவரும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் நீராவி எந்திரங்களை ஆலைகளுக்கு விற்றார்கள். அந்த ஆலைகளில் அதுவரை செக்குமாடு போலக் குதிரைகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “இது எத்தனை குதிரைக்கு ஈடு?” வாட் கணக்குப் போட்டார். குதிரை சுற்றும் வட்டத்தின் ஆரம் 12 அடி. மணிக்கு 144 சுற்று. இழுக்கும் விசை 180 பவுண்டு. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என்று முழுதாக்கிக்கொண்டார். ஏறத்தாழ 15 டன் எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தும் திறன் அது. இன்றைய அலகில் 746 வாட். நாள் முழுக்க உழைக்கும் சாதாரணக் குதிரையால் இந்த அளவைத் தாக்குப்பிடிக்க முடியாது. வாட் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார். அதனால் வாங்கியவர்களுக்குக் குறையில்லை, எந்திரம் சொன்னதைவிடக் கூடுதலாகவே உழைத்தது.

இந்த 746ஐ நம் கிணற்றடிக்குக் கொண்டுவருவோம். 9.8ஆல் வகுத்தால் 76. அதாவது ஒரு குதிரைத்திறன் என்பது விநாடிக்கு 76 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்தும் திறன். பத்து மீட்டர் உயர்த்த வேண்டுமானால் விநாடிக்கு 7.6 லிட்டர். நூறு மீட்டர் என்றால் முக்கால் லிட்டர்தான். 76ஐ ஆழத்தால் வகுத்தால் போதும். மோட்டார் கடைக்குப் போகும்போது மனதில் இருக்க வேண்டிய எண் இது ஒன்றே.

மோட்டாருக்கு முன்னால் ஏற்றம் இருந்தது. இரண்டு கால்களுக்கு நடுவே குறுக்காகத் தொங்கும் நீண்ட மரம். ஒரு முனையில் கழியும் சாலும். மரத்தின் மேல் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், கிணற்றடியில் நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலை முக்கிக் கவிழ்ப்பார். மிதிப்பவர் கையால் எதையும் தூக்குவதில்லை. சால் கிணற்றுக்குள் இருக்கும்போது மரத்தின் பின்முனை வானத்தைப் பார்த்து நிற்கும். அவர் அந்தச் சாய்வில் காலால் ஏறிப் பின்முனைக்குப் போவார். அவருடைய எடையே மரத்தைக் கீழே அமுக்கும், சால் மேலே வரும். தன் உடம்பை ஏற்றி, அந்த ஏற்றத்தைத் தண்ணீருக்கு மாற்றிக் கொடுக்கிறார்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். சாலில் 20 லிட்டர், ஆழம் 4 மீட்டர், பத்து விநாடிக்கு ஒரு சால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாலுக்கு 784 ஜூல். திறன் 78 வாட். உடல் வலுவுள்ள ஒருவர் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட் என்று உடலியல் நூல்கள் சொல்கின்றன. ஏற்றம் மனித உடம்பின் எல்லையை ஒட்டியே அமைந்திருந்தது. 60 கிலோ எடையுள்ளவர் 784 ஜூல் தருவதற்கு ஒவ்வொரு முறையும் தன் உடம்பை 1.33 மீட்டர் உயர்த்தியாக வேண்டும். எட்டு மாடிப்படி உயரம். மணிக்கு 360 தடவை அப்படி ஏறினால் 480 மீட்டர். ஐந்தரை மணி நேரம் ஏற்றம் மிதித்தவர், கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு ஏறியவருக்குச் சமம். மறுநாள் விடிந்ததும் மறுபடியும் ஏற வேண்டும்.

ஏற்றப்பாட்டை நாட்டுப்புறக் கலை என்று மட்டும் தொகுத்து வைத்திருக்கிறோம். எனக்கு அது ஓர் அளவுக்கருவியாகவும் தெரிகிறது. இத்தனையாவது சால் என்ற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். பாட்டின் நடை சாலின் நடையைக் கட்டிவைக்கும். எடை சாலில் இருக்கிறது, உயரம் கிணற்றில் இருக்கிறது, நேரம் பாட்டில் இருக்கிறது. திறனைக் கணக்கிட வேறென்ன வேண்டும்?

ஏற்றம் மேலோட்டமான கிணறுகளுக்குத்தான் ஆகும். கொங்கு நாட்டிலும் கரிசல் சீமையிலும் பாறையை உடைத்து இறக்கிய ஆழக் கிணறுகளுக்கு மாடு வேண்டும். கொங்கில் கவலை என்பார்கள், தெற்கே கமலை. கிணற்று விளிம்பில் உருளை. அதன் வழியாக வடக்கயிறு. கயிற்றின் ஒரு முனையில் சால், மறுமுனை மாடுகளின் நுகத்தடியில். சாலின் அடியில் தோல் வால் ஒன்று இருக்கும். அதற்குத் தனியாக வால் கயிறு. சால் உள்ளே இருக்கும்போது வாலின் வாய் மேலே தூக்கியபடி இருப்பதால் தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் வால் தொட்டியில் சரிந்து தானாகவே கொட்டிவிடும். எட்டிப் பிடித்துக் கவிழ்க்க ஆள் வேண்டியதில்லை.

ஆனால் கவலையின் முழு அறிவும் மாடுகள் நடக்கும் தரையில் இருக்கிறது. கிணற்றிலிருந்து விலகிப் போகும் அந்தப் பாதை சமதரை அல்ல, சரிவு. சால் நிறைந்து வரும்போது மாடுகள் இறக்கத்தில் போகும். காலியான சால் இறங்கும்போது மாடுகள் பின்னோக்கி நடந்து மேட்டில் ஏறும். இறக்கத்தில் போவதால் மாட்டின் சொந்த எடையும் சேர்ந்து இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சேருகிறது?

சால் 120 லிட்டர், கிணறு 10 மீட்டர் என்று வைப்போம். ஒரு சாலுக்கு வேலை 11,760 ஜூல். மாடுகள் பத்து மீட்டர் தூரத்தை 15 விநாடியில் நடந்தால் இழுக்கும் நேரத்துத் திறன் 784 வாட். இரண்டு மாடும் சேர்ந்து ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். தரை சமமாக இருந்தால் இந்தப் பாரம் முழுவதும் அந்தப் 15 விநாடிக்குள் மாடுகளின் தோளில் விழும். பிறகு திரும்பி வர 25 விநாடி, தண்ணீர் மொள்ளவும் கொட்டவும் 10 விநாடி; இந்த 35 விநாடியும் அவற்றுக்குப் பாரமில்லை. கொஞ்ச நேரம் கடும் பாரம், பிறகு வெறுங்கை என்ற இந்த நடைதான் உயிருள்ள எதையும் சீக்கிரம் ஓய வைத்துவிடும்.

இப்போது பாதையைப் பத்துக்கு ஒன்று சரிப்போம். பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறக்கம். மாடு ஒன்று 400 கிலோ என்றால் ஜோடி 800 கிலோ. அந்த 800 கிலோ ஒரு மீட்டர் கீழே இறங்கும்போது புவியீர்ப்பு கொடுப்பது 7,840 ஜூல். சாலுக்கு வேண்டிய 11,760இல் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே வந்துவிட்டது. மாடுகள் தசையால் தர வேண்டியது மீதி 3,920 மட்டும். 15 விநாடிக்கு 261 வாட்.

இலவசமா? இல்லை. கீழே போன 800 கிலோவும் மறுபடி ஒரு மீட்டர் மேலே வந்தாக வேண்டும். பின்னோக்கி ஏறும் 25 விநாடியில் மாடுகள் அந்த 7,840 ஜூலைத் திருப்பிக் கட்டுகின்றன, 314 வாட். கூட்டிப் பார்த்தால் அதே 11,760. ஒரு ஜூல்கூட மிச்சமாகவில்லை. மாறியது ஒன்றுதான்: 784 வாட் என்ற உச்சம் உடைந்து, போகும்போது 261, வரும்போது 314 என்று இரண்டு வழிக்கும் பங்கு பிரிந்துவிட்டது. வேலையை யாராலும் குறைக்க முடியாது, திறனை நேரத்தின் மேல் பரப்ப முடியும் என்ற இயற்பியலை மண்ணை வெட்டியே சாதித்திருக்கிறார்கள். கவலை ஓட்டுபவர் இறக்கத்தில் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதும் இதே கணக்கில் சேரும். அவருடைய 60 கிலோ இன்னொரு 588 ஜூலைக் கொடுக்கும், அவரும் அதை மேட்டில் நடந்து ஏறித் திருப்பிக் கட்டுவார். (உருளையின் உராய்வையும் சாலின் ஒழுகலையும் இங்கே விட்டிருக்கிறேன், சேர்த்தால் எண்கள் கூடும், பங்கீடு பெரிதாக மாறாது.)

சரிவை இன்னும் செங்குத்தாக்கினால்? இறங்கும்போது இன்னும் சுகம்தான். ஆனால் ஏறும்போது, அதுவும் பின்னோக்கி ஏறும்போது, மாடு தவித்துப்போகும். எந்தச் சரிவில் இரண்டு வழிப் பாரமும் ஒத்துப்போகும் என்பது கிணற்றின் ஆழத்தையும் மாட்டின் எடையையும் சாலின் அளவையும் பொறுத்தது. ஒரு சூத்திரமும் எழுதாமல் தலைமுறை தலைமுறையாக மாட்டின் மூச்சைப் பார்த்தே அந்தச் சரிவைக் கண்டுபிடித்தவர்களை நான் பொறியாளர்கள் என்றுதான் சொல்வேன்.

50 விநாடிக்கு ஒரு சால் என்றால் சராசரி 235 வாட். விநாடிக்கு 2.4 லிட்டர் தண்ணீர். இந்த 2.4ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதன்பின் கோவை பம்பு செட்டுகளின் ஊராகவே ஆனதும், கவலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதும் தெரிந்த கதை. மாடுகளால் மோட்டாரோடு போட்டிபோட முடியாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஐந்து குதிரைத்திறன் என்பது 3,730 வாட். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலுமாகப் பாதி போய்விட்டது என்றே வைத்தாலும் 1,865 வாட் தண்ணீரைத் தூக்கும். பத்து மீட்டர் கிணற்றில் விநாடிக்கு 19 லிட்டர். எட்டு ஜோடி மாடு.

அந்தப் பாதி எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். மோட்டார் சூடாவதில் கொஞ்சம், பம்பின் விசிறிக்குள் தண்ணீர் கலங்குவதில் கொஞ்சம். மீதி குழாயில். ஒரே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் உராய்வு இழப்பு இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ 32 மடங்கு ஆகிவிடும். காசை மிச்சம் பிடிக்கச் சின்னக் குழாய் போட்டவர், கிணற்றைத் தானே ஆழமாக்கிக்கொள்கிறார். பட்டையில் உள்ள ‘ஹெட்’ என்பது ஆழத்தோடு இந்த உராய்வையும் சேர்த்த உயரம்.

தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் இருந்தவரை இதெல்லாம் சில்லறைக் கவலைகள். மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்பால், அது எத்தனை குதிரைத்திறன் ஆனாலும், பத்து மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை எடுக்க முடியாது. காற்றழுத்தம் தாங்குவது அவ்வளவுதான். நடைமுறையில் ஏழெட்டு மீட்டரே. அதனால் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் கிணற்றுக்குள் படிப்படியாக இறங்கியது. பிறகு கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள். காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரைத் தள்ளும் கம்ப்ரசர் வந்தது. மின்சாரத்தைக் குடித்துவிட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கும் ஏற்பாடு அது. பிறகு நீர்மூழ்கி மோட்டார். இன்று கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு யாரையும் வியக்க வைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் தேவை. போர் ஆயிரம் அடி என்பதால் தூக்கும் உயரம் ஆயிரம் அடி ஆகிவிடாது. மோட்டார் எங்கே தொங்குகிறது என்பதும் கணக்கில் வராது. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கிருந்துதான் உயரத்தை எண்ண வேண்டும். மோட்டார் ஓட ஓட அந்த மட்டம் இறங்கும், கணக்கும் கூடவே இறங்கும். ஊற்று வலுவாக இருந்தால் ஆயிரம் அடி போரிலும் தண்ணீர் முந்நூறு அடியில் நிற்கலாம். ஊற்று ஓய்ந்த போரில் அது மோட்டாரின் தலைக்கே வந்துவிடும்.

அப்படி வந்துவிட்ட போர் ஒன்றை, 300 மீட்டர் ஆழத்தில் நிற்கும் தண்ணீரை, எடுத்துக்கொள்வோம். நம் ஐந்து குதிரைத்திறன் மோட்டார், அதே பாதித் திறமையோடு, பத்து மீட்டரில் விநாடிக்கு 19 லிட்டர் கொடுத்தது. முப்பது மீட்டரில் 6.3 லிட்டர். நூறு மீட்டரில் 1.9. முந்நூறில் 0.63, ஒரு குடம் நிறைய இருபத்து நான்கு விநாடி. பத்து மீட்டருக்குச் செய்த பம்பை அப்படியே இறக்கினால் இதுகூட வராது, அதற்கு அவ்வளவு உயரம் தள்ளும் அழுத்தமே கிடையாது. அதனால் விசிறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கடையில் ‘ஸ்டேஜ்’ என்பது அதைத்தான். ஸ்டேஜ் கூடினால் உயரம் கூடும், தண்ணீர் குறையும், குதிரைத்திறன் அதேதான். “மோட்டார் புதுசு, எச்பியும் பெருசு, ஆனா தண்ணி வரலையே” என்று வருந்துபவருக்கு மோட்டார் எந்தத் துரோகமும் செய்யவில்லை.

இனி அந்த 2.4 லிட்டர். ஒரு ஜோடி மாடு பத்து மீட்டர் கிணற்றிலிருந்து இறைத்த அதே தண்ணீர், அதே வேகத்தில், முந்நூறு மீட்டரிலிருந்து வேண்டுமானால்? தண்ணீரைத் தூக்க மட்டும் 7,056 வாட். பாதி வீணாகும் என்றால் மோட்டார் 14,112 வாட். ஏறத்தாழ 19 குதிரைத்திறன். இரண்டு மாடுகள் செய்த வேலையை மீண்டும் செய்ய இருபது எச்பி மோட்டாரை இறக்குகிறோம். மாடு அன்று வலுவாக இருந்ததால் அல்ல. தண்ணீர் அன்று பக்கத்தில் இருந்தது.

இதை மின்சாரமாகவும் எழுதிப் பார்க்கலாம். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். பத்து மீட்டரிலிருந்து என்றால், அதே பாதி இழப்போடு, 11 யூனிட். முந்நூறு மீட்டரிலிருந்து என்றால் 327 யூனிட். ஒரே ஒரு தடவை தண்ணீர் பாய்ச்ச. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டரும் இல்லை. அந்த இலவசம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் எடுத்து எந்தக் குடியானவரும் பயிர் செய்ய முடியாது. ஆனால் 11 எப்படி 327 ஆனது என்பதை விவசாயியின் கண்ணில் படாமல் வைத்திருக்கிறோம். ஆழம் கூடினால் பில் கூடும் என்றிருந்தால், முதல் ஐம்பது மீட்டர் இறங்கும்போதே ஊர் கூடிப் பேசியிருக்கும்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். குளம் தூர்வாரியோ தடுப்பணை கட்டியோ நீர்மட்டத்தை ஒரு மீட்டர் மேலே கொண்டுவந்தால், ஓர் ஏக்கருக்கு ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 1.09 யூனிட் மிச்சம். ஐம்பது மீட்டர் ஏறினால் 54 யூனிட். ஓர் ஊரில் ஐந்நூறு ஏக்கர், ஆண்டுக்கு இருபது பாய்ச்சல் என்றால் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் யூனிட் வருகிறது. உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போடலாம். தேவையானவை ஒரு கயிறு, 200 லிட்டர் டிரம், ஒரு கைக்கடிகாரம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று பாருங்கள். டிரம் நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 200ஐ விநாடியால் வகுத்து, மீட்டரால் பெருக்கி, 9.8ஆல் பெருக்கினால் உங்கள் பம்பு உண்மையில் தரும் திறன் வாட்டில் வந்துவிடும். அதைத் தகரப் பட்டையில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் அதே நாளில் மறுபடியும் அளந்து எழுதுங்கள்.